வேலை இல்லாத 8 மாதங்களும், விசுவாசம் என்று நான் நினைத்துக்கொண்டதும்

வேலை போன அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது கணக்குப் போட்டதுதான். ஜெபம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கையில் இருந்த சேமிப்பை மாதச் செலவால் வகுத்துப் பார்த்தேன். 6 மாதம் தாங்கும் என்று வந்தது. தாளை நான்காக மடித்து வேதாகமத்துக்குள், கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 6-ஆம் அதிகாரம் இருக்கும் பக்கத்தில் வைத்தேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு 5 மாதம் அந்தத் தாளை நான் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று உண்மையாகவே நம்பினேன். அந்த 5 மாதத்தில் நான் இழந்தவற்றில் பாதிக்கு மேல் இழந்திருக்க வேண்டியதே இல்லை. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது இதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தவறு, மனைவியிடம் சொல்லாதது. 19 நாள் சொல்லவில்லை. வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிப் போய் ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பி வருவேன். அவளைக் கவலைப்படுத்தக் கூடாது, நல்ல வேலை கிடைத்ததும் சாட்சியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உபவாசம் பண்ணும்போது முகத்தைக் கழுவிக்கொள், மனுஷருக்குக் காண்பிக்காதே என்று அதே மத்தேயு 6-இல் இருக்கிறதே, நான் செய்வதும் அப்படித்தான் என்று ஒரு சமாதானம் வேறு. பழைய அலுவலக நண்பர் ஒருவர் நலம் விசாரிக்க வீட்டுக்கு போன் செய்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. "வேலை போனது எனக்குப் பெரிசா தெரியலைங்க. இந்த 19 நாளும் நான் பக்கத்துல இருக்கும்போதே நீங்க தனியா ஜெபம் பண்ணிட்டு இருந்திருக்கீங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றுதான் இருக்கிறது. சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அது 'எனக்கு' இல்லை, 'எங்களுக்கு' என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வேலை போன அன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வளர்ந்தவர்களாக இருந்தால் அவர்களுக்கும் புரியும்படி சொல்லுங்கள். தெரியாத விஷயத்துக்காக அவர்களால் ஜெபிக்கவும் முடியாது, செலவைக் குறைக்கவும் முடியாது.

அந்த 6 மாதக் கணக்கும் தப்பு. மாதாமாதம் போகிற செலவை மட்டுமே எழுதியிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிற பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமும் அதில் இல்லவே இல்லை. இரண்டுமே இரண்டாவது மாதத்தில் வந்து நின்றன. 6 மாதம் என்றிருந்தது 5 ஆகிவிட்டது. நீங்கள் கணக்குப் போடும்போது கடந்த 12 மாத வங்கிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு போடுங்கள். மனதில் இருப்பதை வைத்துப் போட்டால் அந்த மாதிரிச் செலவுகள் கண்டிப்பாக விட்டுப்போகும்.

மூன்றாவது மாதம் நடந்ததை எழுத இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர், என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று சொல்லும் பிலிப்பியர் 4:19-ஐ எடுத்து, குறைவில் இருக்கிறவன்தான் விதைக்க வேண்டும், வலிக்கிற அளவு கொடுத்தால்தான் பன்மடங்காகத் திரும்பி வரும் என்றார். எனக்காகவே பேசுகிறார் என்று தோன்றியது. ஒரு மாத வீட்டுச் செலவை அப்படியே காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவியிடம் கேட்கவில்லை. அதோடு நிற்கவில்லை. விதைத்தாகிவிட்டது, இனி வேலை தேடி அலைந்தால் அது தேவனை நம்பாததுபோல ஆகிவிடும் என்று 3 வாரம் ஒரு விண்ணப்பம்கூட அனுப்பாமல் காத்திருந்தேன். போனில் மணி அடிக்கும்போதெல்லாம் இதோ வந்துவிட்டது என்று நெஞ்சு துடிக்கும். ஒன்றும் வரவில்லை. பணம் போனதைவிட, அந்த 3 வாரத்தின் கடைசியில் தேவன்மேல் எனக்கு வந்த கோபம்தான் பெரிய நஷ்டம். பேசின பேச்சை அவர் மீறிவிட்டதுபோல ஒரு கசப்பு. ஆனால் அந்தப் பேச்சை அவர் பேசவே இல்லை.

பிறகு பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தை முழுவதுமாக உட்கார்ந்து வாசித்தேன். அப்போஸ்தலனாகிய பவுல் சிறையில் இருந்தபடி எழுதிய கடிதம் அது. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்ற தங்கள் ஆளின் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் 19-ஆம் வசனம் வருகிறது. இரண்டு வசனம் முன்னால், உங்கள் உதவியை நான் நாடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த வசனத்தில் "எனக்கு எல்லாம் உண்டு" என்கிறார். அங்கே மூலமொழியில் இருப்பது அந்தக் காலத்தில் பணம் பெற்றுக்கொண்டதற்கு ரசீதில் எழுதும் சொல். கூடுதலாகக் கேட்காமல், வந்து சேர்ந்தது, போதும் என்று எழுதிக்கொடுக்கிற மனுஷன் அவர். அந்த வசனத்தை வைத்து என்னிடம் பணம் கேட்டபோது எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. காணிக்கை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, இன்றும் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். இக்கட்டில் இருக்கும்போது, திரும்பி வரும் என்ற வாக்குறுதியை நம்பி, வீட்டாரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான். "இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்" என்ற மத்தேயு 6:32-ல் முன்பணம் எதுவும் கேட்கப்படவில்லை.

வேலை தேடாமல் காத்திருந்ததற்கும் வேதத்தில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. யாத்திராகமம் 16-இல், வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குத் தேவன் கொடுத்த ஆகாரமான மன்னா வானத்திலிருந்துதான் வந்தது, ஆனால் விடியற்காலையில் எழுந்து போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் உருகிப்போகும். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளைக்கு என்று மீத்து வைத்தால் புழுப்பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொல்லி அவரே சொன்னார், அது கெடவும் இல்லை. கொடுக்கிறவர் அவர், பொறுக்குகிறவர்கள் ஜனங்கள். இரண்டும் ஒரே காலையில் நடந்தது. அதற்குப் பிறகு தினமும் காலை 9 மணிக்கு உட்கார்ந்து ஒரு நாளைக்கு 3 விண்ணப்பம் என்று வைத்துக்கொண்டேன். அதை முடித்ததும் எழுந்துவிடுவேன். முன்பெல்லாம் ராத்திரி 11 மணிவரை வேலைவாய்ப்புத் தளங்களையே பார்த்துக்கொண்டிருந்து தூக்கம் கெட்டுப்போவேன்.

நாலாவது மாதக் கடைசியில் சேமிப்பு தீர்ந்தது. அன்றைக்கு நான் வாங்கிய கடனைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். போனிலேயே 5 நிமிடத்தில் கிடைத்த குறுகிய காலக் கடன். ஒன்றரை மாதச் செலவுக்கு ஆகும் தொகை கேட்டேன். கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்குதான் கணக்கில் விழுந்தது. வட்டி மட்டும் முழுத் தொகைக்கும். தவணைக்குக் கட்ட முடியாமல் இரண்டு தடவை புதுப்பித்தேன், ஒவ்வொரு தடவையும் மறுபடி கட்டணம். முடிக்கும்போது கைக்கு வந்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டியிருந்தேன். கையெழுத்துப் போடும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் போதும்: என் கைக்கு வருவது எவ்வளவு, கடைசிவரை என் கையிலிருந்து போவது எவ்வளவு. வட்டி சதவீதத்தைப் பார்க்காதீர்கள், இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம் ஒரு ராத்திரி பொறுத்து, காலையில் வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7-இல் இருப்பதை நான் அறிவுரையாகத்தான் வாசித்து வந்திருந்தேன். தவணைத் தேதி நெருங்கும்போது போன் அடித்தாலே வயிறு கலங்கும் நிலைக்கு வந்தபோதுதான் அது நிலைமையைச் சொல்கிற வாக்கியம் என்று புரிந்தது.

ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது அப்போதுதான். கண்ணைத் திறந்ததுமே எண்கள். பக்கத்தில் மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கூடத்துக்கு வந்து வேதாகமத்தைத் திறப்பேன், மடித்த தாளின் ஓரம் தெரியும், மூடிவிடுவேன். "கவலைப்படாதிருங்கள்" என்று இருக்கிறதே, நான் கவலைப்படுகிறேனே, அப்படியானால் நான் பாவம் செய்கிறேன், பாவம் செய்கிறவனின் ஜெபம் எப்படிக் கேட்கப்படும் என்று கவலைக்கு மேல் ஒரு கவலை. சபையில் யாராவது "கவலைப்படாதீங்க பிரதர், யேகோவாயீரே" (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று தோளில் தட்டிவிட்டுப் போனால் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது இன்னொரு பரீட்சையில் தோற்றதுபோல இருந்தது.

இந்த முடிச்சு அவிழ்ந்தது ஒரு சொல்லால். மத்தேயு 6:25 முதல் 34 வரைக்கும் கவலை என்கிற வினைச்சொல் கிரேக்க மூலத்தில் 6 தடவை வருகிறது. அதே வினைச்சொல்லைத்தான் பவுல் பிலிப்பியர் 2:20-இல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவைப் புகழப் பயன்படுத்துகிறார், உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறவன் அவனைப்போல வேறொருவனும் இல்லை என்று. 2 கொரிந்தியர் 11:28-இல் எல்லாச் சபைகளைக் குறித்தும் தனக்கு உண்டான கவலை என்று பவுல் சொல்லும் இடத்திலும் அதே குடும்பத்துச் சொல்தான். அப்படியானால் மனம் ஒன்றைப் பற்றி அக்கறையோடு சுமப்பது பாவம் என்று வேதம் சொல்லவில்லை. தீமோத்தேயு விசாரித்தது அடுத்தவர்களை. நான் 3 மணிக்கு விசாரித்தது அடுத்த வருடத்தை, இன்னும் வராத நாட்களை. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னபோது பாடே இருக்காது என்று சொல்லவில்லை. இன்றைக்கு உரியதைக் கையில் எடு, நாளைக்கு உரியதை இன்று எடுக்காதே என்கிறார். இது புரிந்த பிறகும் விழிப்பு உடனே நிற்கவில்லை. ஆனால் விழிப்பு வந்தால் என்னைக் குற்றவாளியாக நிறுத்துவதை விட்டேன். தீர்க்கதரிசியான எலியா சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தேவதூதன் முதலில் அவனைத் தட்டியெழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். பிரசங்கம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுக்கப் பழகினேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த சகோதரி ஒருவர் என்னை நிறுத்தினார். கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, உங்களுக்காக ஜெபிக்கிறேன். என்னன்னு சொல்லி ஜெபிக்கட்டும்?" என்றார். "தேவைகள் சந்திக்கப்படணும் அக்கா" என்றேன். "எவ்வளவு?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 5 மாதமாகத் தேவனிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், எவ்வளவு என்று எனக்கே தெரியாது. வேதாகமம் கையில்தான் இருந்தது. அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாக வாசித்தார். "இது ஜெபக்குறிப்பு தம்பி. இதை ஏன் மடிச்சு வச்சீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை எடுத்து மனைவியை வாசிக்கச் சொன்னார். ஒரு விதவை தீர்க்கதரிசியான எலிசாவிடம் வந்து கூப்பிடுகிறாள். கடன் கொடுத்தவன் வந்திருக்கிறான், பிள்ளைகளை அடிமைகளாக்கப்போகிறான் என்று ஒளிக்காமல் சொல்கிறாள். எலிசா கேட்கும் கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது சொல். பிறகு அண்டை வீடுகளில் வெறும்பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறான், அதுவும் கொஞ்சமாக வேண்டாம் என்கிறான். எண்ணெய் பெருகின பிறகு, விற்று முதலில் கடனை அடை, மீந்ததில் பிழைத்துக்கொள் என்கிறான். அற்புதம் நடுவில் இருக்கிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பது வீட்டுக் கணக்கு. இந்தப் பகுதியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், கடனை அடை என்ற வரியில் யாரும் நின்றதாக ஞாபகம் இல்லை.

அதே வரிசையில் நாங்கள் மூவரும் எழுதினோம். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதி, வீட்டில் என்ன இருக்கிறது, யாரிடம் பேசலாம். கடன் கொடுத்தவர்களை வட்டி அதிகமானவரிலிருந்து வரிசைப்படுத்தினோம். மறுநாள் பள்ளியில் மனைவி போய்க் கேட்டாள், அடுத்த பருவக் கட்டணத்தை 3 தவணையாகக் கட்டலாம் என்றார்கள். கேட்டதற்கு 10 நிமிடம்தான் ஆனதாம். முதல் மாதமே கேட்டிருக்கலாம். பொதுவாகவே தவணை தவறிய பிறகு போய்ப் பேசுவதைவிட, தவறுவதற்கு முன்னால் போய் நிலைமையைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் பேசும் விதமே வேறு. மற்றவர்களிடம் பேசியபோதும் அதைப் பார்த்தேன்.

சபையில் உதவி வாங்கச் சம்மதிக்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வருடக்கணக்கில் அந்த நிதிக்குக் கொடுத்தவன் நான். கொடுக்கும்போது வராத கூச்சம் வாங்கும்போது ஏன் வருகிறது என்று அக்கா கேட்டார். அப்போஸ்தலர் 6-இல் ஆதிச்சபை 7 பேரைத் தெரிந்தெடுத்ததே அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உதவி பகிர்ந்து கொடுப்பதில், விதவைகள் விட்டுப்போகக் கூடாது என்றுதான். தேவன் போஷிக்கும் வழிகளில் சபையும் ஒன்று; நான் ஒளித்துவைத்தால் அந்த வழியை நானே அடைக்கிறேன். இரண்டு மாதம் உதவி வாங்கினோம். பிலிப்பியர் 4:14-இல் பவுல், என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு உடன்பட்டது நல்லது என்று எழுதினதை இப்போது வாசித்தால் தொண்டை அடைக்கிறது.

இந்த இடத்தில் ஜார்ஜ் முல்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1836-இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் ஆரம்பித்து, 1898-இல் இறக்கும்வரை 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, மனிதரிடம் நேரடியாகப் பணம் கேட்காமல், ஜெபத்தால் நடத்தியவர். தேவைகளை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அவர் உதாரணம்தான் மனதில் இருந்தது. ஆனால் அவர் கடனுக்கு எதையும் வாங்கவில்லை, வந்த காசுக்கெல்லாம் துல்லியமாகக் கணக்கு வைத்தார், வருடா வருடம் அறிக்கை வெளியிட்டார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவரிடமிருந்து பேசாமல் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கணக்கை விட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். கடன் முழுவதும் அடைய அதற்குப் பிறகு 14 மாதம் ஆனது. சேமிப்பு இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. மகள் நிறுத்திய இசை வகுப்பு நின்றதுதான். இப்போது கேட்டால் வேண்டாம் என்கிறாள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. தேவன் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார் என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஒரு நாள்கூட நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, ஒரு நாள்கூட அவர் எங்களை விட்டுப் போகவில்லை என்று சொல்ல முடியும். அதை மைக்கைப் பிடித்துச் சொன்னபோது சபையில் பெரிதாக அல்லேலூயா ஒன்றும் எழவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் ஆராதனை முடிந்து வந்து, தங்களுக்கும் வேலை இல்லை என்று மெதுவாகச் சொன்னார்கள்.

வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. இரவு ஜெபத்தில் அதைத் திறந்து, அந்த வாரத்தில் கட்ட வேண்டியதைத் தொகையோடு சத்தமாக வாசிக்கிறோம். அந்த வாரத்துக்கு அப்பால் இருக்கும் எதையும் அந்த நேரத்தில் பேசுவதில்லை. அதற்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஒதுக்கியிருக்கிறோம். வாசித்ததைத் தேவனிடம் சொல்லிவிட்டு, வந்துசேர்ந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுவோம். நேற்று இரண்டு வரிதான் இருந்தது. மின்கட்டணத்துக்குப் பணம் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்தின் கடைசித் தவணைக்கு இன்னும் பாதி வர வேண்டும். பாதி என்று சொல்லியே மனைவி ஜெபித்தாள். ஆமென் சொல்வதற்குள் மகள் தூங்கிவிட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டுவிட்டு நானும் படுத்தேன்.